நிறம் போனது... சாயம் போனதா?

ஒரு பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். உள்ளே நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் எடுத்த சேற்றுநீர் கொஞ்சம், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய தாது உப்புகள், லிட்டருக்கு 100 மில்லிகிராம் கணக்கில் சாயம். அடியில் ஒரு காந்தக் குச்சி ஓயாமல் சுழன்று கலக்குகிறது. பாட்டிலின் கழுத்தில் சின்ன ரப்பர் கிண்ணம். அதற்குள் காஸ்டிக் சோடா வில்லைகள். நுண்ணுயிர்கள் சாயத்தைத் தின்றால் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். அந்த வாயுவை காஸ்டிக் சோடா பிடித்துவைத்துக்கொள்ளும். மூடிய பாட்டிலுக்குள் அழுத்தம் இறங்கும். மூடியில் இருக்கும் மானி அந்த இறக்கத்தைக் குறித்துக்கொண்டே போகும். இருட்டில், 22 டிகிரி வெப்பத்தில், 28 நாட்கள்.

ஒரு ரசாயனம் மக்குமா, மக்காதா என்று உலகம் முடிவு செய்யும் முறைகளில் இது ஒன்று. ஓ.இ.சி.டி. என்கிற பன்னாட்டு அமைப்பு 1981-ல் வகுத்து, 1992-ல் திருத்திய 301-ஆம் எண் வழிகாட்டியில் இப்படி ஆறு முறைகள் உண்டு. முழுதாக எரிந்தால் அந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவையோ, அதில் 60 சதவிகிதத்தையாவது நுண்ணுயிர்கள் 28 நாளுக்குள் செலவழித்திருக்க வேண்டும். அதுவும், சிதைவு 10 சதவிகிதத்தைத் தொட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் 60-ஐத் தாண்ட வேண்டும். தாண்டினால் ‘எளிதில் மக்குவது’. சோடியம் பென்சோயேட் போன்றவை இதை அநாயாசமாகத் தாண்டிவிடும்.

நாம் உடுத்தும் துணிகளில் இருக்கும் செயற்கைச் சாயங்கள் அநேகமாக எதுவுமே தாண்டுவதில்லை.

சாயக்கழிவு சுமந்த நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டில் இந்த ஒரு வரி வீட்டுக்கு வீடு பேசப்பட்டிருக்க வேண்டும். நாமோ உப்பைப் பேசினோம், நிறத்தைப் பேசினோம், நீதிமன்றத் தீர்ப்புகளைப் பேசினோம். சாயம் என்ற மூலக்கூறு கடைசியில் எங்கே போகிறது என்பதை மட்டும் பேசாமலே விட்டுவிட்டோம்.

கெட்டியான சாயம் என்றால்...

1856-ல், மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்த 18 வயது வில்லியம் பெர்கின் கையில் ஊதா நிறம் ஒன்று அகப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் டயஸோ வினையைக் கண்டறிந்தார். இன்று புழக்கத்தில் உள்ள சாயங்களில் பாதிக்கு மேல் அந்த வினையின் வழி வந்த அஸோ சாயங்கள்தான். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கோத்து நிற்க, இருபுறமும் பென்சீன், நாஃப்தலீன் வளையங்கள் இருக்கும். நிறம் பிறப்பது இந்த அமைப்பில்தான்.

துணிக்கடையில் நாம் கேட்பது ஒன்றே ஒன்று: “சாயம் போகாதே?” சோப்புக்குப் போகக் கூடாது, வெயிலுக்குப் போகக் கூடாது, வியர்வைக்குப் போகக் கூடாது, பிளீச்சிங் கலந்த குழாய்த் தண்ணீருக்கும் போகக் கூடாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வேதியியலாளர்கள் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்த விடையில் இன்னொன்றும் சேர்ந்தே வந்துவிட்டது: சோப்புக்கும் வெயிலுக்கும் அசையாத மூலக்கூறு நுண்ணுயிருக்கும் அசைவதில்லை.

தண்ணீரில் கரைவதற்காகச் சாயத்தில் சல்ஃபோனிக் தொகுதிகளைச் சேர்க்கிறார்கள். மின்சுமை ஏறிய இந்த மூலக்கூறு நுண்ணுயிரின் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போவது கடினம். அஸோ பிணைப்போ, வளையத்தில் ஒட்டிய சல்ஃபோனிக் தொகுதியோ இயற்கையில் காண்பதற்கு அரிது. ஆகவே அவற்றைச் செரிக்கும் நொதிகளும் பெரும்பாலான நுண்ணுயிர்களிடம் இல்லை. ரியாக்டிவ் புளூ 19 என்ற நீலச் சாயம் துணியில் ஒட்டாமல் தண்ணீரோடு வினைபுரிந்த வடிவத்தில், 25 டிகிரியில், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் தண்ணீரில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஆகும் என்பது ஆய்வுலகில் அடிக்கடி எடுத்தாளப்படும் கணக்கு.

16 கார்பன் அணுக்கள்

ஒரு சாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். ஆரஞ்சு-2. ஆசிட் ஆரஞ்சு 7 என்றும் பெயர். எளிய அஸோ சாயம். 16 கார்பன் அணுக்கள், ஒரே ஒரு அஸோ பிணைப்பு. அதன் 100 மில்லிகிராமை முழுதாகச் சிதைக்க, நைட்ரஜனை அம்மோனியாவாக விட்டுவிட்டால், சுமார் 155 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 301 சோதனையில் தேற வேண்டுமானால் நுண்ணுயிர்கள் இதற்காக 93 மில்லிகிராமாவது செலவழித்திருக்க வேண்டும்.

இதே சாயத்தைக் காற்றுப் புகாத சேற்றில் போட்டால் சீக்கிரமே நிறம் மறைந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் மற்ற உணவைத் தின்று, அதில் மிஞ்சும் எலக்ட்ரான்களை அஸோ பிணைப்பின் மேல் தள்ளிவிடுகின்றன. பிணைப்பு இரண்டாகப் பிளக்கிறது. ஆரஞ்சு நிறம் போய்விடுகிறது. ஒரு பாதி சல்ஃபனிலிக் அமிலம், ஆறு கார்பன். மறு பாதி அமினோ நாஃப்தால், பத்து கார்பன். கூட்டினால் 16. கண்ணுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கார்பன் கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. அமினோ நாஃப்தால் காற்றுப் பட்டதும் தானே பழுப்பாகித் திரிகிறது. சல்ஃபனிலிக் அமிலத்தைத் தின்ன அதற்கென்று பழகிய நுண்ணுயிர்கள் வேண்டும். எல்லாச் சேற்றிலும் அவை இருப்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களில் “கலர் போயிடுச்சுங்க” என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கருவி நிறத்தை அளக்கிறது, நிறம் போயிருக்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: கார்பன் எங்கே?

நிறம் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. சாயம் சேற்றில் ஒட்டிக்கொள்ளலாம். பிளந்து நிறமற்ற துண்டுகளாகலாம். உண்மையிலேயே செரிக்கப்பட்டு, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் தாது உப்புமாக முடியலாம். மூன்றாவது மட்டுமே மக்குதல். முதல் இரண்டும் இடமாற்றம், உருமாற்றம்.

சாய உற்பத்தியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஈ.டி.ஏ.டி. 1974-ல் தொடங்கப்பட்டது. அதன் முயற்சியில் பக்கா, பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 87 சாயங்களைக் காற்றோட்டமுள்ள சோதனைகளில் வைத்துப் பார்த்து 1986-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். குறுகிய காலத்தில் குறிப்பிடத்தக்க மக்குதலை எதிர்பார்க்க முடியாது என்பதே அவர்கள் கண்டது. பல சாயங்களில் நிறம் குறைந்ததற்குச் சேற்றில் ஒட்டிக்கொண்டதே காரணம் என்று அதில் தெரிந்தது. சாயம் தயாரிப்பவர்களின் பக்கத்திலிருந்தே வந்த முடிவு இது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1991-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஷால் குழு, 18 அஸோ சாயங்களை, சேற்றுக்குக் காற்றூட்டும் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’ முறையில் ஓடவிட்டுப் பார்த்தது. 11 சாயங்கள் ஏறக்குறைய வந்தபடியே வெளியேறின. நான்கு சேற்றில் ஒட்டிக்கொண்டன. மூன்றே மூன்று மக்கியதாகத் தெரிந்தது. அந்த மூன்றில் ஒன்று நம் ஆரஞ்சு-2. மக்கியதாகத் தெரிந்ததே இவ்வளவு எளிய சாயம் என்றால், இரண்டு அஸோ பிணைப்பும் இரண்டு சல்ஃபோனிக் தொகுதியும் உள்ள ‘பிளாக் பி’ என்னவாகும்? திருப்பூரில் கறுப்பு டி-சர்ட் என்றால் பிளாக் பி-தான். அதைவிட மோசம் டர்காய்ஸ். அதில் உடைக்க அஸோ பிணைப்பே இல்லை. நடுவில் தாமிரத்தை வைத்துச் சுற்றிக் கட்டிய தாலோசயனின் வளையம். சேற்றுத் தொட்டியில் எத்தனை நாள் வைத்தாலும் அந்த நீலம் எளிதில் இறங்காது.

சோதனையிலேயே ஓட்டைகள்

மக்கும் தன்மையை அளப்பது சாயத்தைப் பொறுத்தவரை தனிச் சிக்கல். நாமும் அதில் ஏமாறுகிறோம், நம்மை ஏமாற்றவும் அது பயன்படுகிறது. கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

சான் வெல்லன்ஸ் சோதனை என்று ஒன்று இருக்கிறது. 302-பி. இதில் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். சேறும் நிறையப் போடுவார்கள். சாயம் சேற்றில் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீரில் கார்பன் குறைந்ததாகவே கணக்காகும். சாய டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் ‘நீக்கம் இத்தனை சதவிகிதம்’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் இந்தச் சோதனை எண்ணாகவே இருக்கும். நீக்கம் வேறு, மக்குதல் வேறு. முதல் மூன்று மணி நேரத்திலேயே மளமளவென்று கார்பன் குறைந்திருந்தால் அது ஒட்டுதல். நுண்ணுயிர் அவ்வளவு வேகமாகச் சாப்பிடாது. இதைப் பிரித்துக் காட்டும்படி முழு வரைபடத்தையும் கேட்கும் வாடிக்கையாளர்கள் மிகக் குறைவு.

விற்பனைக்கு வரும் சாயத்தூள் சுத்தமான சாயமும் அல்ல. பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயத்தூளில் சாயத்தை நுண்துகளாகப் பிரித்து வைக்கும் துணைப்பொருள்கள் கணிசமாக இருக்கும். எதை அளந்தோம், சாயத்தையா துணைப்பொருளையா என்று கேட்க வேண்டும். சாயத்தில் உள்ள நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறினால் அதற்கும் ஆக்சிஜன் செலவாகும். ஆரஞ்சு-2-க்கு 155 என்ற கணக்கு 192 ஆகிவிடும். எந்தக் கணக்கில் சதவிகிதம் போட்டார்கள் என்பதைச் சொல்லாத அறிக்கை அரைகுறை அறிக்கை. தாமிரம் உள்ள சாயம் நுண்ணுயிரையே அடக்கிவிடக் கூடும். அப்போது பாட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அது மக்காததாலா, நுண்ணுயிர் முடங்கியதாலா என்று பிரித்தறிய இன்னொரு பாட்டிலில் சாயத்தையும் பென்சோயேட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆலைக் கழிவுநீரில் நம் ஊரில் பார்ப்பது பி.ஓ.டி., சி.ஓ.டி. என்ற இரண்டு எண்கள். பி.ஓ.டி. நுண்ணுயிர் தின்றதைச் சொல்லும்; சி.ஓ.டி. மொத்தத்தையும் சொல்லும். முன்னதைப் பின்னதால் வகுத்த விகிதம் 0.4-க்கு மேல் இருந்தால் கழிவு எளிதில் மக்கும் என்பது பொதுவான கணிப்பு. பின்னலாடைச் சாயக்குளியலில் காரத்தைச் சமன்படுத்த அசிட்டிக் அமிலம் ஊற்றுகிறார்கள். நெசவுத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி கழன்று வருகிறது. இரண்டையும் நுண்ணுயிர்கள் விரும்பித் தின்னும், விகிதம் உயரும். அதன் நிழலில் சாயம் ஒளிந்துகொள்கிறது. மொத்தக் கழிவுநீரின் விகிதத்தைப் பார்த்து அதில் உள்ள சாயம் மக்கும் என்று முடிவுகட்டுவது தவறு.

கடைசியாக உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் அரை கிலோவுக்கு நெருக்கமாக உப்பு. அவ்வளவு போட்டும் சாயத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்குவரை துணியில் ஒட்டாமல் கழிவில் போகும். ஊறுகாயில் உப்பு என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் இங்கேயும் செய்கிறது: நுண்ணுயிரை அடக்குகிறது. நல்ல தண்ணீரில், 22 டிகிரியில் எடுத்த ஐரோப்பியச் சோதனை முடிவு உப்பும் காரமும் சூடுமான கொங்கு நாட்டுக் கழிவுக்கு அப்படியே பொருந்தாது. நம் கழிவில், நம் சேற்றில், நம் வெப்பத்தில் தனியாகச் சோதிக்க வேண்டும்.

உடைந்த துண்டுகள்

மக்காத சாயத்தைவிட அரைகுறையாக உடைந்த சாயம் ஆபத்தாக இருக்கலாம். அஸோ பிணைப்பு பிளந்தால் கிடைப்பவை அரோமாட்டிக் அமீன்கள். இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. 1895-லேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். ஜப்பானின் கியோட்டோவில் கிமோனோ ஓவியர்களிடம் அதே நோய் கூடுதலாக இருந்ததை 1970-களின் தொடக்கத்தில் கவனித்தார்கள். சாயம் தோய்ந்த தூரிகை முனையை நாக்கால் கூர்மையாக்கும் பழக்கத்தோடு அது இணைத்துப் பேசப்பட்டது. குடல் நுண்ணுயிர்களும் கல்லீரலும் அஸோ பிணைப்பைப் பிளக்கும். ஆற்றுச் சேற்றில் நடப்பது உடலுக்குள்ளும் நடக்கும். பென்சிடினாக உடையும் சாயங்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது.

ஜெர்மனி 1990-களில் இத்தகைய அஸோ சாயங்களைத் தடை செய்தது. இந்தியா பென்சிடின் சாயங்களையும், தொடர்ந்து 1997-ல் 70 அஸோ சாயங்களையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது. நல்ல சட்டங்கள். ஆனால் இவை முதலில் காத்தது துணியை உடுத்துபவரின் தோலை. ஏற்றுமதிப் பெட்டிக்குள் போகும் சட்டைக்குக் கிடைத்த அக்கறை, அந்தச் சட்டையை அலசிய தண்ணீருக்குக் கிடைக்கவில்லை.

ஒரத்துப்பாளையம் சொன்னது

1990-களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை வந்தது ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயத்துக்காக. சில ஆண்டுகளில் அது சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறக்கக் கூடாது என்று பாசன விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலை வந்தது. 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. பிறகு ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிலையங்களோடுதான் தொழில் மறுபடி எழுந்தது. ஒரு சொட்டும் வெளியே விடாமல், தண்ணீரை ஆர்.ஓ.வில் பிரித்து, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பை மீட்டு மறுபடி சாயக்குளியலுக்கே அனுப்புகிறார்கள். திருப்பூர்க்காரர்கள் கடன்பட்டும் சாதித்துக் காட்டிய காரியம் இது. மனதார மதிக்கிறேன்.

ஆனாலும் கார்பன் எங்கே என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது. உயிரித் தொட்டியில் மக்காத சாயம் ஆர்.ஓ. கழிவில் செறிவாகிறது, எவாப்பரேட்டருக்குப் போகிறது, கலப்பு உப்பிலும் கசடிலும் போய்ச் சேர்கிறது. மக்காத ஒவ்வொரு கிலோவுக்கும் யாரோ மின் கட்டணமும் விறகுச் செலவும் கசடு வைக்கும் இடத்துக்கு வாடகையும் கொடுக்கிறார்கள். எளிதில் மக்கும் சாயம் சுற்றுச்சூழலுக்கு மட்டுமல்ல, பட்டறை முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கும் நல்லது. பவானி, குமாரபாளையம் பக்கத்துச் சிறு பட்டறைகளில் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் எல்லோரிடமும் இல்லை. மழை பெய்தால் சாயத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் மழைக்காலந்தோறும் எழுகிறது. அந்தத் தண்ணீர் காவிரிக்குத்தான் போகிறது.

இயற்கைச் சாயத்துக்கு மாறினால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். செயற்கை அவுரி நீலமும் செடியில் வரும் அவுரி நீலமும் ஒரே மூலக்கூறு. நுண்ணுயிருக்கு வித்தியாசம் தெரியாது. படிகாரமும் தாமிர உப்பும் போட்டுக் காய்ச்சும் இயற்கைச் சாயமும் கழிவு விடத்தான் செய்யும். எங்கிருந்து வந்தது என்பதைவிட எங்கே போய் முடிகிறது என்பதே அளவுகோலாக வேண்டும்.

தீர்வு இல்லாமல் இல்லை. காற்றில்லாத தொட்டியில் பிணைப்பைப் பிளந்து, உடனே காற்றோட்டமுள்ள தொட்டியில் அமீன்களைச் செரிக்கவிடும் இரட்டை ஏற்பாடு பல அஸோ சாயங்களில் பலன் தருகிறது; இரண்டாவது தொட்டியில் அமீன்கள் உண்மையிலேயே தீர்ந்தனவா என்று அளந்தால் மட்டும். மரத்தின் லிக்னினைத் தின்னும் வெண்அழுகல் பூஞ்சைகள் ஆய்வகத்தில் சாயங்களையும் சிதைப்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது. திறந்த தொட்டியில் பாக்டீரியாக்கள் அவற்றை முந்திவிடுவதால் ஆலை அளவில் இன்னும் திணறுகின்றன. துணியில் 90 சதவிகிதத்துக்கு மேல் ஒட்டும் இரட்டைப் பிடிச் சாயங்கள் சந்தையில் இருக்கின்றன. விலை கூடுதல், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் 2007 முதல் ரீச் சட்டம் அமலில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் கரிம ரசாயனத்துக்கு எளிதில் மக்குமா என்ற சோதனை முடிவைப் பதிவில் காட்டியாக வேண்டும். இங்கேயும் அது வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு சாயத்துக்கும் 28 நாள் ஆக்சிஜன் சோதனை, காற்றில்லாத நிலையில் எந்த அமீன் வரும் என்ற சோதனை, உப்புக் கழிவில் நம் சேற்றோடு ஒரு சோதனை என்று மூன்றின் முடிவுகளையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு வாங்கிப் பொதுவில் வைக்க வேண்டும். பி.ஓ.டி., சி.ஓ.டி., டி.டி.எஸ். பார்க்கும் இடத்தில் அமீன்களையும் பார்க்க வேண்டும். பெரிய ஆய்வகம் தேவைப்படும் வேலை அல்ல இது. கோவை, ஈரோடு வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளைக் கொண்டே செய்துவிடலாம்.

சட்டம் வரும்வரை பட்டறைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சாய டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பிரிவுகள் இருக்கும். 12-ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள்; நிலைத்திருக்கும் தன்மை, மக்கும் தன்மை என்ற இடத்தில் எண் இருக்கிறதா, எந்தச் சோதனையில் வந்த எண், நீக்கமா மக்குதலா என்று சப்ளையரிடம் கேளுங்கள். ‘தகவல் இல்லை’ என்று எழுதியிருந்தால், தகவல் வரும்வரை அந்த டிரம்மை இறக்காதீர்கள்.